வண்டிக்குள் வானிலை

தமிழில் நாம் 'குளிர்சாதனம்' என்கிறோம். 'குளிரூட்டி' என்றும் சொல்கிறோம். அரபு நாடுகளில் இதே கருவிக்கு 'முகய்யிஃப்' என்று பெயர். மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் பயின்றவருக்கு இச்சொல்லின் வேர் உடனே விளங்கிவிடும். 'கைஃப' என்றால் 'எப்படி' என்பது பொருள். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்னும் அதன் நிலைமைக்குக் 'கைஃபிய்யத்' என்று பெயர். ஒன்றனை ஒரு குறித்த நிலைமைக்குக் கொண்டுவருதல் 'தக்யீஃப்' ஆகும். ஆகவே 'முகய்யிஃபுல் ஹவா' என்றால் காற்றை ஒரு நிலைமைக்குக் கொண்டுவரும் கருவி என்பதே பொருள். இப்பெயரில் குளிர் என்னும் கருத்தே இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இலக்கண ஆசிரியன் எதற்கெடுத்தாலும் வேர்ச்சொல் தேடுகிறான் என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். காருக்குள் பொருத்தப்பட்டிருக்கும் இக்கருவி எதைச் செய்கிறது, எதை அதன் பொறுப்பில் விடலாம், எதை விடலாகாது என்பதை அறிய நான் முற்பட்டபோது தமிழ்ப் பெயரைவிட அரபிப் பெயரே எனக்கு வழிகாட்டிற்று.

நம் ஊர்களில் கார் என்பது இன்று ஆடம்பரப் பொருளாக இல்லை. கல்யாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும், பிரசவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதுவே போகிறது. சொந்தமாக இல்லாதவர் வாடகைக்குப் பிடிக்கின்றனர். ஏறி அமர்ந்தவுடன் கண்ணாடிகள் ஏற்றப்படுகின்றன. 'ஆட்டோ' என்று எழுதிய பொத்தான் அழுத்தப்படுகிறது. அதன்பின் அதைப் பற்றிய நினைவே எவருக்கும் எழுவதில்லை. மூடிய ஒரு சிற்றறைக்குள் கைக்குழந்தை முதல் மூதாட்டி வரை ஏழெட்டுப் பேரை அமர்த்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கிவிடுகிறோம். அந்த இயந்திரத்துக்கு என்னதான் தெரியும் என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

என் லாத்தாவின் மகன் ஷார்ஜாவில் 11 ஆண்டுகள் கார் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். கோடை விடுமுறையில் சில பிற்பகல்களை அவனது பட்டறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கழித்தேன். "இது குளிரை எப்படித் தம்பி உற்பத்தி செய்கிறது?" என்று நான் கேட்ட முதற் கேள்விக்கே அவன் சிரித்துவிட்டான்.

"குளிரை யாரும் உண்டாக்க முடியாது மாமா. உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கிட்டுப் போயி வெளியே கொட்டுது. அவ்வளவுதான் இதோட வேலை."

இந்த ஒரு வாக்கியம் விளங்கிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். பள்ளிவாசல் ஹவ்ளில் உளூச் செய்துவிட்டு ஈரக் கையோடு காற்று வீசும் இடத்தில் நின்றால் கை சில்லிடுகிறது. நீர் ஆவியாக மாறும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். ஒரு கிராம் நீர் இவ்வாறு ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மண்பானை நீர் குளிர்வதும், ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் சில்லென்றிருப்பதும் இதனாலேயே. ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை, அதே ஆவி மறுபடியும் திரவமாகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆவியாதலை வண்டிக்கு உள்ளேயும், திரவமாதலை வண்டிக்கு வெளியேயும் நிகழச் செய்துவிட்டால் உள்ளிருந்த வெப்பம் வெளியே போய்ச் சேர்ந்துவிடும். காரின் ஏ.சி. முழுவதும் இந்த ஒரே உத்தியின்மேல் நிற்கிறது.

ஆயினும் நீர் இவ்வேலைக்கு உதவாது. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரி வெப்பம் ஏறினாலன்றி அது கொதிப்பதில்லை. பனிக்கட்டியைத் தொட்டாலும் கொதித்துவிடக்கூடிய ஒரு பொருள் வேண்டும். இன்று நம் நாட்டில் ஓடும் கார்களில் மிகுதியாக இருப்பது 'ஆர்-134ஏ' என்னும் வாயு. திறந்த வெளியில் விட்டால் இது பூஜ்யத்துக்கும் கீழே 26 டிகிரிக் குளிரிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் அதன் கொதிநிலை ஏறும், குறைத்தால் இறங்கும். இந்தக் கடிவாளத்தைப் பிடித்துத்தான் மனிதன் அதனை வேலை வாங்குகிறான்.

எஞ்சினின் பெல்ட் சுழற்றும் கம்ப்ரஸர், வாயுவை அழுத்திச் சூடேற்றி வண்டியின் முன்பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே ரேடியேட்டருக்கு முன்னால் மற்றொரு ரேடியேட்டரைப் போல நிற்பது கண்டென்சர். அதில் நுழையும் வாயு 60, 70 டிகிரிக்கு மேலாகக் கொதிகலன் போலிருக்கிறது. நம் கோடைக் காற்று 40 டிகிரியே ஆனாலும் அவ்வாயுவைக் காட்டிலும் குளிர்ந்ததன்றோ? எனவே வெப்பம் வாயுவிலிருந்து காற்றுக்குப் பாய்கிறது, வாயு திரவமாகிறது. வெயிலைவிட மிகுதியாகச் சூடாக்கினால்தான் வெயிலிலேயே வெப்பத்தைக் கொட்ட முடியும் என்னும் இவ்விந்தை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பின்னர் அத்திரவம் ஈரம் உறிஞ்சும் ஒரு குப்பியைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் ஊசித் துளை போன்ற வாயிலுக்குள் நெருக்கிப் புகுத்தப்படுகிறது. அப்புறத்தில் அழுத்தம் திடீரெனக் குறைந்துவிடுவதால், மெக்கானிக்குகள் 'கூலிங் காயில்' என்று அழைக்கும் குழாய் அடுக்குக்குள் அது கொதிக்கத் தொடங்குகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்தக் காயிலின்மீது ப்ளோயர் என்னும் விசிறி காற்றை ஊதுகிறது. காற்றின் வெப்பத்தை உண்டு வாயு கொதிக்கிறது. வெப்பம் இழந்த காற்று நம் முகத்தில் வீசுகிறது. வாயு மறுபடியும் கம்ப்ரஸருக்குத் திரும்பிவிடுகிறது.

காயில் குளிர்ந்திருப்பதனால் மற்றொன்றும் நிகழ்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படிந்து, ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. நிறுத்திய காருக்கு அடியில் நீர் தேங்கியிருப்பதைக் கண்டு ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று பதறுவோர் உண்டு. அது காற்றிலிருந்து பிழிந்தெடுத்த நீர்தான். கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு இதுவே பெரும் பயன் என்பது என் கருத்து. 32 டிகிரி வெயிலை நம் உடம்பு தாங்கிக்கொள்ளும். வியர்வை உலராத புழுக்கத்தைத்தான் தாங்காது. வெப்பத்தோடு ஈரத்தையும் சேர்த்து மாற்றுவதனால்தான் இதற்கு 'முகய்யிஃப்' என்னும் பெயர் மிகப் பொருந்துகிறது. நீண்ட பயணத்தில் தொண்டை வறண்டு போவதும் இதன் மறுபக்கமே.

இவையெல்லாம் மூடிய குழாய்களுக்குள் நிகழ்பவை. ஒரு சிறிய காரில் உள்ள வாயு அரைக் கிலோ அளவே இருக்கும். அது பெட்ரோலைப் போல் எரிந்து தீர்ந்துபோவதில்லை. என் அண்டை வீட்டார் ஒருவர் ஓரிடத்தில் மூன்று கோடைகளாக ஆண்டுக்கொரு முறை 'கேஸ்' நிரப்பிப் பணம் கொடுத்து வந்தார். அது எங்கே கசிகிறது என்று அங்கே எவரும் தேடவில்லை. மருமகன் குழாய்களில் நைட்ரஜனைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது ஓர் இணைப்பில் குமிழ் கிளம்பிற்று. சிறிய ரப்பர் வளையம் ஒன்று வெடித்திருந்தது. பல ஆண்டுகளில் ரப்பர்க் குழாய்களின் வழியே சிறிதளவு குறைவது இயல்பு. ஆண்டுதோறும் குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். நிரப்புமுன் வாக்குவம் பம்பு வைத்துக் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட வேண்டும் என்பதையும் அவன் வற்புறுத்தினான். ஈரம் தங்கிவிட்டால் வால்வின் சிறு துளையில் அது பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளுமாம். நம் வீட்டுப் பெண்மக்கள் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதுகூட ஆயிரம் கேள்வி கேட்பார்கள்; பட்டறைக்குக் காரைக் கொண்டுபோகும் ஆடவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கசிந்த வாயு எங்கே போகிறது என்பது பணத்தைவிடப் பெரிய கேள்வி. பல்லாண்டுக் காலம் கார்களில் இருந்தது ஆர்-12 என்னும் வாயு. நஞ்சில்லாதது, தீப்பற்றாதது என்று அது போற்றப்பட்டது. அது வானின் மேலடுக்குக்குச் சென்று, சூரியனின் கொடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். 1987-இல் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. 1990களில் புதிய கார்கள் 134ஏ-வுக்கு மாறின. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் வெளியே கசிந்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கவல்லது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு காரின் அரைக் கிலோ கசிந்துபோவது 700 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஆகவே 2016-இல் கிகாலி நகரில் இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க முடிவாயிற்று. 2021-இல் இந்தியாவும் அதனை ஏற்று உறுதி செய்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் 134ஏ நிரப்புவதற்கு இடமில்லை. அங்கே வந்திருக்கும் மாற்று வாயு பூமியை மிகச் சிறிதளவே சூடாக்கும்; விலைதான் கூடுதல். வண்டிக்குள் நிம்மதி தேடி வண்டிக்கு வெளியே வெப்பத்தைக் கொட்டுகிறோம் என்று மருமகன் சொன்னதற்கு இப்படி ஓர் ஆழமான பொருளும் உண்டென்பதை அவனிடம் சொன்னேன். அவன் அடுத்த காரின் மூடியைத் திறக்கப் போய்விட்டான்.

இனி 'ஆட்டோ' என்னும் பொத்தானுக்கு வருவோம். கார்களில் ஏ.சி.யைப் பொருத்தி விற்க முதன்முதலில் முன்வந்தது அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி, ஆண்டு 1939. அதன் கூலிங் காயில் பின்புறம் சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்றியாக வேண்டும். சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டனர். 1954-இல் நாஷ் கம்பெனி, சூடேற்றும் கருவியையும் குளிர்விக்கும் கருவியையும் ஒரே தொகுப்பாக்கி வண்டியின் முன்புறத்திலேயே அடக்கிவிட்டது. அப்போதும் குமிழ்களைத் திருப்பிக்கொண்டிருப்பது ஓட்டுபவரின் வேலையாகவே இருந்தது. 1964-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில்தான் இந்நிலை மாறிற்று. வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால் போதும். வெயிலாயினும் பனியாயினும் கருவி தானே அந்நிலையைக் காத்துக்கொள்ளும்.

ஸர்ஃபு படித்தவர்களுக்கு இதனை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'தஃப்ஈல்' என்னும் பாபிலிருந்து 'தஃபஃஉல்' என்னும் பாபுக்கு வந்த மாற்றம் இது. 'தக்யீஃப்' என்பது ஒன்றனை ஒரு நிலைமைக்குக் கொண்டுவருதல். 'தகய்யுஃப்' என்பது தானே நிலைமைக்கேற்ப அமைந்துகொள்ளுதல். தமிழில் பிறவினை, தன்வினை என்போம். முன்னையது பிறர் திருப்பத் திரும்பியது. பின்னையது தானே திரும்புகிறது.

தானே திரும்புவதற்கு முதலில் தானே அறிய வேண்டும். இக்காலத்துக் காரின் டாஷ்போர்டில் நாணய அளவில் சிறு சல்லடை ஒன்று இருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கிறது ஓர் உணர்வி. வண்டிக்குள்ளிருக்கும் காற்றைச் சிறிது சிறிதாக இழுத்து அதன் வெப்பத்தை அளக்கிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு மணி அது. அந்தத் தடையின் அளவுதான் கணினிக்குச் செய்தி. முன்பம்பருக்கு அருகே மற்றோர் உணர்வி வெளிவெப்பத்தை அளக்கிறது. வண்டி நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூடு இதனை ஏமாற்றிவிடும் என்பதால், வண்டி மறுபடி வேகமெடுக்கும்வரை கணினி பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்குமாறு அமைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடிக்கு அடியில் கறுப்புப் பொட்டுப்போல் இருப்பது வெயிலை அளக்கும் உணர்வி. வண்டிக்குள் காற்று 25 டிகிரியாக இருந்தாலும், மடியில் வெயில் அடித்தால் நமக்குச் சுடும் அல்லவா? அதற்காக இது. தொழுதுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றி நேரே அந்தப் பொட்டின்மேல் வைப்பவர்கள் உண்டு. வெயில் போய்விட்டதென்று கருவி எண்ணிக்கொள்ளும். கூலிங் காயிலிலும் ஓர் உணர்வி உண்டு. காயில் பூஜ்யத்தை நெருங்கி உறையத் தொடங்குமுன் அது எச்சரித்து, கம்ப்ரஸரை ஓயச் செய்கிறது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, 'இப்போது வீச வேண்டிய காற்று எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்' என்று கணினி கணக்கிடுகிறது. பிறகு விசிறியின் வேகத்தை மாற்றுகிறது. சிறு மோட்டார்களைக் கொண்டு உள்ளேயுள்ள கதவுகளை அசைக்கிறது. அவற்றுள் ஒரு கதவின் வேலை வியப்பானது. கூலிங் காயிலைத் தாண்டி வரும் குளிர்ந்த காற்றில் ஒரு பகுதியை, எஞ்சினின் வெந்நீர் ஓடும் மற்றொரு காயில் வழியே திருப்பிவிட்டு, இரண்டையும் கலந்து அனுப்புகிறது. குளிர்வித்ததை ஏன் மறுபடி சூடாக்க வேண்டும் என்று தோன்றும். ஈரத்தைப் பிழிவதற்குக் குளிர்வித்தாக வேண்டும். உடம்புக்கு இதமாவதற்குச் சற்றுச் சூடேற்றியாக வேண்டும். மழைநாளில் முன்கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்து மங்கும்போது, 'மழைதானே, ஏ.சி. எதற்கு' என்று அணைத்துவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். உலர்ந்த காற்று ஒன்றே அதற்கு மருந்து. ஏ.சி.யைப் போட்டு, வெப்பநிலையை ஏற்றி, காற்றைக் கண்ணாடியின்மேல் திருப்பினால் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடும்.

அளந்து பார்த்து, குறை கண்டு, அதற்கேற்பத் தானே திருந்தும் இக்கருத்து ஒன்றும் புதியதன்று. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தம் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் ஏறத்தாழ 100 கருவிகளை வரைந்து விளக்கியிருக்கிறார்கள். நீர்மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கி அடைப்பானைத் திறக்கும். நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும். எண்ணெயைத் தானே ஊற்றிக்கொள்ளும் விளக்கும் அதில் உண்டு. மனிதன் அருகிலில்லாமல் ஒரு பொருள் தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளும் வித்தைகள் அவை. ஆனால் அந்த மிதவைக்கு நீரின் மட்டம் மட்டுமே தெரியும். நீர் இனிப்பா உப்பா என்பது தெரியாது. காரின் கணினிக்கும் இதே வரம்பு உண்டு. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

முதலில் எளியதைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கிடந்த காரில் ஏறியவுடன், சீக்கிரம் குளிரட்டும் என்று எண்ணை 16-க்கு இறக்கிவிடுகிறார்கள். தானியங்கிக் கருவியில் இதனால் விரைவு கூடுவதில்லை. 24 என்று வைத்தாலும் உள்ளே 50 டிகிரி இருக்கும்போது அது தன் முழு வலிமையையும் காட்டத்தான் செய்யும். 16 என்று வைத்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடும். பின்னிருக்கையில் உம்மா முழங்காலைத் துப்பட்டியால் மூடிக்கொள்வார். முதலிரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினால் அடைபட்ட அனல் தானே வெளியேறிவிடும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

என் உம்மாவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. உணர்வி இருப்பதோ ஓட்டுபவரின் முழங்காலருகே. அங்கே 24 என்று அளந்து அது மனநிறைவு கொண்டிருக்கும்; பின்னால் காற்றுக்குழாய் நேரே வீசும் இடத்தில் அமர்ந்திருக்கும் முதியவரின் எலும்புக்குள் புகும் குளிரை அது அறியாது. வலம், இடம் என்று தனித்தனி எண் வைக்கும் வண்டிகளும் வந்துவிட்டன. அங்கும் இருக்கையை அறியுமே தவிர இருப்பவரை அறியாது. நான் செய்வதெல்லாம், உம்மா அமர்ந்ததும் அந்தக் காற்றுவாயின் இதழ்களை மேற்கூரையை நோக்கித் திருப்பிவிடுவதுதான்.

அடுத்தது, நெஞ்சைப் பதறச் செய்வது. 'ஐந்து நிமிடம்தான், பிள்ளை தூங்குகிறது' என்று குழந்தையைக் காருக்குள் விட்டுக் கடைக்குள் போகிறார்கள். எஞ்சின் அணைந்தால் பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரஸரும் நின்றுவிடும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெப்பத்தை வெளியே விடாது. 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறுவதை அளந்தார்கள். அதில் 80 விழுக்காடு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததனால் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் உடம்போ பெரியவர்களின் உடம்பைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறக்கூடியது. எஞ்சினை ஓடவிட்டுப் போனாலும் அச்சம் தீர்வதில்லை. எஞ்சின் நின்றுபோனால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறதென்று பெரும்பாலான கார்களின் கணினிகளுக்குத் தெரியாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் உறங்குவது இதனினும் கொடியது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெப்பத்தை அளக்கும் உணர்வி அதனை அறியவும் மாட்டாது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, இதனை நான் சென்ற ஆண்டு நேரிலேயே கண்டேன். டாஷ்போர்டில் ஒரு காரின் படமும், அதற்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறியும் கொண்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் கதவு மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே குளிர்விப்பதால் கருவிக்கு உழைப்புக் குறைவு. புகையும் தூசியும் மிகுந்த சாலையில் இது நன்மையே. வெயில் நேரத்தில் 'ஆட்டோ'வும் இதையே தேர்ந்துகொள்ளும். சில வண்டிகள் சற்று நேரத்தில் தாமாகவே வெளிக்காற்றுக்கு மாறிக்கொள்ளும். பல வண்டிகள் நாம் மாற்றும்வரை அப்படியே இருக்கும். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குக் கரியமில வாயு 420 பங்கு அளவே உள்ளது. நாம் விடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. மூடிய வண்டியில் பலர் சேர்ந்து மூச்சு விட்டால் அது சில ஆயிரங்களுக்கு ஏறிவிடும். தலை கனக்கும், கண் சொருகும். வண்டிக்குள் 24 டிகிரி இருக்கிறதா என்பதொன்றே கருவியின் கவலை.

திருச்சியில் ஒரு நிக்காஹ் முடிந்து இரவில் வாடகை வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியவர் எண்மர், சிறுவர் மூவர். இரண்டு மணி நேரமாக அந்த அம்புக்குறி எரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டனர். எனக்கும் நெற்றி கனத்தது. ஓட்டுபவர் இருமுறை கண்ணைக் கசக்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"தம்பி, வெளிக்காற்றைக் கொஞ்சம் விடுங்களேன்."

"கூலிங் குறைஞ்சிடுமே ஹஜரத்."

"மணி 11 ஆகிவிட்டது. வெளியே வெயிலா அடிக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். விசிறியின் ஓசை சற்று மாறிற்று. வயல்களின் ஈர மணம் மெல்ல உள்ளே வந்தது. தூக்கமின்மைக்கு வெளிக்காற்று மட்டும் மருந்தாகாது என்பதனால், அடுத்து வந்த தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு அவர் முகம் கழுவி வந்து, இரண்டு தேநீர் குடித்தார். கால் மணி நேரம் நடந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக விழித்துக்கொண்டு, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டனர். இல்லை என்றதும் பிஸ்கட் வேண்டும் என்றனர்.